கோழி அடைஞ்ச ஃபிரிட்ஜு

ஓடாதுன்னு நீங்க பாட்டுக்கு எப்பிடித் தம்பி சொல்லலாம்? தொட்டுப் பாத்தீகளா மொதல்ல? கையக் கொண்டாங்க. இங்கன வைங்க, பக்கவாட்டுல. உறுமுதா? உறுமுதுல்ல? பெறகென்ன. கோளி அடைஞ்ச ஃபிரிட்ஜுன்னு நான் வாய் தவறிச் சொல்லிட்டேன், அதுக்கு அம்புட்டுச் சிரிப்புச் சிரிக்கிறீக. கோளி அடைஞ்சது நெசந்தான், நான் இல்லங்கல. அதுக்காக ஃபிரிட்ஜு ஃபிரிட்ஜு இல்லன்னு ஆயிருமா?

உக்காருங்க. அந்தச் சேரு வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. அடுப்படிக்கிப் பொட்டி கட்ட அளக்கத்தான வந்தீக, அப்புறம் போகலாம். அந்த டேப்பச் சுருட்டிப் பையில வைங்க. செவுரு எங்கயும் ஓடிப்போகாது, எப்ப அளந்தாலும் அதே அளவுதான். இப்ப உள்ள காப்பி போட்டுக்கிட்டிருக்காக. குடிச்சிட்டுப் போயி நிதானமா அளங்க.

வேணாமா? அதெப்பிடி வேணாம்னு சொல்லுவீக? சிவகாசியில இருந்து இந்த வெயில்ல விஸ்வநத்தம் வரைக்கும் வந்திருக்கீக, வெறும் வாயோட அனுப்புனா என்னைய என்ன பேசுவாக. சாத்தூருல வேற ஆர்டரா? இருக்கட்டும். சாத்தூரும் எங்கயும் ஓடிப்போகாது.

உங்களுக்கு முன்னால ரெண்டு பேரு வந்துட்டுப் போயாச்சு தம்பி. எனக்கும் சொல்லிச் சொல்லி வாயி வலிக்கிது. ஒருத்தரு வாசல்லயே நின்னுக்கிட்டு, பளசப் பூராம் காயலான் கடைக்கி அனுப்புங்க, பெறகுதான் கை வைப்பேன்னுட்டாரு. இன்னொருத்தரு உங்கள மாதிரித்தான் செல்லுல படம் காட்டுனாரு. பாத்தேன். மொளுக்குன்னு இருக்கு. எது கதவு, எது செவுருன்னே தெரியல. ஏய்யா, இதுல உப்பு எங்க இருக்கு, புளி எங்க இருக்குன்னு கேட்டேன். எல்லாம் உள்ள மறைஞ்சிருக்கும்மாங்குறாரு. மறச்சு வைக்க நாங்க என்ன களவாண்டுட்டா வந்திருக்கோம்?

நான் கேக்குறது ஒண்ணும் பெரிய விசயம் இல்ல. இந்த ஃபிரிட்ஜு. உள்ள இருக்குற ரெட்டை அடுப்பு. அந்தா மூலையில துண்டு போட்டு மூடியிருக்கே, மிக்சி. பெறகு கிரைண்டரு. இதுக எல்லாம் அததுக்கு வசமான எடத்துல நிக்கணும். அதச் சுத்தி நீங்க உங்க பொட்டிகளக் கட்டணும். அம்புட்டுத்தான். நீங்க என்னடான்னா பொட்டியக் கட்டிட்டு அதுக்குத் தக்கன சாமான் வாங்கச் சொல்றீக. நான் சாமானுக்குத் தக்கனப் பொட்டி கட்டச் சொல்றேன். சட்டை சேரலன்னா ஆளையா மாத்துவாக?

என்னது, கரண்டு இளுக்குமா? அதெல்லாம் பளைய மோட்டாருக்கு. இப்ப உள்ள இருக்குறது பூராம் புதுசு. மல்லாங்கிணத்துல பெத்தணன்னு ஒரு மெக்கானிக்கு இருக்காரு. அவரத்தான் கூட்டியாந்தேன். வந்தாரு, முன்னால குத்த வச்சு உக்காந்தாரு, ஒரு பீடியப் பத்த வச்சுக்கிட்டு, ஆத்தா, இத எந்தக் கோயில்ல இருந்து தோண்டி எடுத்தீகன்னு கேட்டாரு. நக்கலு. சரி பேசிக்கிருங்கன்னு விட்டுட்டேன். மோட்டாரு, குளாயி, ஒயரு எல்லாம் மாத்திரலாம், இந்தக் கதவு ரப்பரும் மாத்திரலாம், கதவையே மாத்திரலாம் ஆத்தா, இதே சைசுல ஒரு கதவு எங்கிட்டக் கெடக்குன்னாரு. நான் சொன்னேன், நீரு உள்ள எத வேண்ணாலும் பிடுங்கும், எத வேண்ணாலும் மாட்டும். இந்தக் கதவையும் இந்தக் கைப்பிடியையும் தொட்டீர்னா நடக்குறது வேறன்னு. அந்த மனுசன் என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாரு. இப்ப நீங்க பாக்குறீகள்ல, அதே மாதிரி.

ஆமா, வெளிக்கூடு மட்டுந்தான் பளசு. ஏன்னா கேக்குறீக? சொல்றேன். அதுக்கு மொதல்ல இது எங்கன இருந்து வந்துச்சுன்னு சொல்லணும்ல.

இது எங்க வீட்டு ஃபிரிட்ஜே இல்ல தம்பி. எங்க வீட்டுக்காரரு சுடலை, அவுக வேலை பாத்த பட்டாசுக் கம்பெனி மொதலாளி அண்ணாச்சி வீட்டு ஃபிரிட்ஜு. எங்க ஆளுக வீடு ஒவ்வொண்ணுலயும் பாருங்க, மொதலாளி வீட்டுச் சாமான் ஒண்ணாச்சும் இருக்கும். அவுக புதுசு வாங்குனா பளசு தீவாளிக்கி எங்களுக்கு வரும். ஃபிரிட்ஜு மாத்தப் போறாகன்னு தெரிஞ்சதும் கம்பெனியில வேலையே ஓடல, யாருக்குப் போகும், யாருக்குப் போகும்னு ஒரே பேச்சு. கடைசியில எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்தாக. இவுக மாட்டு வண்டியில ஏத்தி, ஊரே பாக்க வந்து எறக்குறாக. வீட்டுல கரண்டே கெடையாது!

நான் என்ன செய்ய? சேலைய மடிச்சு உள்ள வச்சேன். நல்ல பூட்டுச் சாவி போட்டதுல்ல, இந்தா பாருங்க ஓட்டை. இந்தச் சாவி அண்ணாச்சியோட அம்மா இடுப்புல கெடந்த சாவி. மருமக பாலக் குடிச்சிருவான்னு பூட்டி வச்ச பொம்பள. அம்புட்டுச் சொத்து இருந்து, அண்ணாச்சி சம்சாரம் யோகேஸ்வரியம்மா ஒரு வாய் பாலுக்கு மாமியாகிட்டச் சாவி கேட்டு நிக்கணும். இத வண்டியில ஏத்தையில எங்கிட்ட மெதுவாச் சொன்னாக, முருகம்மா, இனி இது என் கண்ணுலயே படக்கூடாது, பூட்டியிருக்கா தொறந்திருக்கான்னு இந்தக் கைப்பிடிய இளுத்து இளுத்துப் பாத்தே எங்காலம் போச்சுன்னு. அவுக கண்ணு கலங்கிருச்சு. பெரிய வீட்டுல இருந்தா மட்டும் என்ன.

பெறகு எம் மகன் கதிரவனுக்குக் கல்யாணம் ஆச்சு. அவன் வண்டி ஓட்டுறான் தம்பி, அச்சாபீசுல இருந்து காலண்டர் லோடு ஏத்துறது. மருமக பேரு பானுப்பிரியா. வந்த மறுநாளே சேலையப் பூராம் வெளிய எடுத்துப் போட்டுட்டு, அத்தை, இதுக்கு ஒயரு எங்கன்னு கேட்டவ. அதுக்குள்ள கரண்டு வந்திருந்துச்சு. அவதான் இத மொதமொத ஓட்டுனது. சும்மா ஓட்டுனாளா? லீவு நாளுல சேமியா ஐஸு போட்டு வித்தா. தெருவுல உள்ள பிள்ளைக பூராம் எங்க வாசல்ல. கம்பெனிக்கிப் போயி வந்து, குளிச்சு, சோறாக்கி, மாவாட்டி, அதுக்கும் மேல ஐஸு. சும்மா உக்காரத் தெரியாது அவளுக்கு. அவ அடுப்படியில நின்னா நான் உள்ள போகவே மாட்டேன், காத்துல கரண்டி பறக்குற மாதிரி இருக்கும்.

என்ன சத்தமா? எங்க? அதுவா. பல்லி. பல்லி டிக்கு டிக்குன்னு கத்தத்தான் செய்யும். நீங்க எந்திரிக்காதீக.

உக்காருங்கன்னு சொல்றேன்ல. கோளிக் கதைய முடிச்சிருவோம்.

கதிரவன் புது ஃபிரிட்ஜு ஒண்ணு வாங்கிட்டு வந்தான். கண்ணாடி மாதிரி கதவு. அதுக்கு கைப்பிடியே கெடையாது பாத்துக்கோங்க. ஓரத்துல விரல உள்ள விட்டு நோண்டித் தொறக்கணும். சரி, புதுசு வந்துருச்சுன்னு இதத் தூக்கிப் பின்னாடி வேப்பமரத்தடியில போட்டோம். கதவு தொறந்தே கெடந்துச்சு. எங்க வீட்டுச் செவலக்கோளி உள்ள காய் வைக்கிற தட்டுல ஏறி அடைக்கி உக்காந்துருச்சு. நான் கொஞ்சம் வைக்கோல் போட்டு விட்டேன். ஃபிரிட்ஜுக்குள்ள கோளின்னு தெருவே வந்து பாத்துச்சு. ஒரு நா காலையில ரோஜா, எம் பேத்தி, வெளையாட்டா கதவ டப்புன்னு சாத்திட்டு, ஸ்கூல் வேனு வந்துருச்சுன்னு ஓடிப் போச்சு. கதிரவன் லோடு ஏத்திட்டு நாகர்கோயில் போயிட்டான். நான் ரேசன் கடையில. கோளி உள்ள மாட்டிக்கிருச்சு. காத்துப் போகாத பொட்டி தம்பி. எம்புட்டு நேரம் தாங்கும்?

சாகல. பொளச்சுக்கிருச்சு. குஞ்சும் பொரிச்சிருச்சு. யாரோ தொறந்து விட்டாக. யாருன்னா? வீட்டுல உள்ளவுகதான். அது இப்ப எதுக்கு.

நான் ஏன் ரேசன் கடையில அம்புட்டு நேரம் நின்னேன்னு கேளுங்க. ரேகை விளுகல! எங்க ஆளுகளுக்கு இது ஒரு தொந்தரவு தம்பி. நான் பாவாடை கட்டுன காலத்துல இருந்து தீப்பெட்டி ஒட்டுனவ. பெறகு வெடிக்குத் திரி வெட்டி, பெறகு காயிதக் குளாயி உருட்டி, விரல் பூராம் தேஞ்சு போயி, இந்தா பாருங்க, தேச்ச தரை மாதிரி வளுவளுன்னு இருக்கு. மிசின்ல வச்சா ஒரு பொம்பளப் பிள்ள கொரலு, மீண்டும் முயற்சிக்கவும்ங்குது. கட்டை விரலு. மீண்டும் முயற்சிக்கவும். ஆள்காட்டி. மீண்டும் முயற்சிக்கவும். எனக்கு வெறுத்துப் போயி, ஏய்யா, கால் கட்டை விரல வைக்கவான்னு கேட்டேன். வரிசையே சிரிச்சிருச்சு. பெறகு கண்ணக் காட்டச் சொன்னாரு. கண்ணுல புரை. அதுக்கும் மீண்டும் முயற்சிக்கவும். அந்தப் பிள்ளைய மட்டும் நேர்ல பாத்தேன்னா, ஏத்தா, நான் மொளச்சதுல இருந்து அதத்தான செஞ்சுக்கிட்டிருக்கேன்னு சொல்லுவேன்.

ம். பிடிச்சிருச்சு. இல்ல தம்பி, உங்ககிட்டச் சொல்லல. நான் பாட்டுக்கு எதையோ நெனச்சுக்கிட்டுச் சொன்னேன்.

ஆமா, அந்தப் புது ஃபிரிட்ஜ வித்தாச்சு. அடுத்த வீட்டு வீரலட்சுமி வாங்கிக்கிட்டா. அவ வீட்டு அடுப்படியும் உங்காளுக மாதிரி யாரோதான் கட்டுனாக, போயிப் பாருங்க. கதவத் தொட்டா உள்ள லைட்டு எரியுது. பூனை தொட்டாலும் எரியுது. அடுப்புக்கு மேல ஒரு புகை இளுக்குற மிசினு, கைய ஆட்டுனா ஓடும். அவ வீட்டுக்காரரு அங்கனயே மணையப் போட்டுச் சாப்பிடுற ஆளு. ஈ வருதுன்னு கைய ஆட்டியிருக்காரு. குர்ருன்னு எடுத்துக்கிருச்சு! மனுசன் தட்டத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடுறாரு, இவ என்னமோ ஏதோன்னு பின்னாலயே ஓடுறா. பட்டாசு ஊரு பாருங்க, குர்ருன்னாலும் புர்ருன்னாலும் மொதல்ல ஓடுவோம், பெறகுதான் என்னன்னு கேப்போம்.

தொட்டாலே போதும்ங்குற அடுப்பு எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. அந்தா, மேல அட்டைப்பொட்டி தெரியுதா? அதான். கதிரவன் வாங்கிட்டு வந்தது. ஆசையாத்தான் வாங்கியாந்தான். சேரல. ஏறக்கட்டிட்டோம்.

அதெல்லாம் கெட்டுப் போகல, நல்லாத்தான் இருக்கு. சேரலன்னா சேரல தம்பி. எல்லாத்தையும் நோண்டி நோண்டிக் கேக்கக்கூடாது.

அத விடுங்க, இந்தாங்க, இதப் பாருங்க. நானே சிவகாசிக்குப் போயி வாங்கி வச்சிருக்கேன். உங்க இளுப்பறை, கதவு எல்லாத்துக்கும் இதத்தான் மாட்டணும். ஆமா, துண்டு போடுற கம்பிதான். குளிக்கிற ரூமுக்கு விக்கிறதுதான். அதனால என்ன? இளுப்பறையில மாட்டுனா இளுப்பறைக் கம்பி. உங்க படத்துல இருக்குற மாதிரி கைப்பிடி இல்லாம ஓரத்த வளச்சு விடுறதெல்லாம் வேணாம். குமிளும் வேணாம். ஒரு ஆளு கையி முளங்கை வரைக்கும் உள்ள போகணும், அந்த மாதிரி கம்பி. குளாய்க்கும் சொல்லிட்டேன்ல? நீளக் கை வச்சது. டாக்டருமாரு முளங்கையால தள்ளுவாகள்ல, அந்தக் குளாய்.

வீட்டுல யாருக்கும் சீக்கு இல்ல. ஏன் அப்பிடிக் கேக்குறீக?

கரண்டி விளுந்துருச்சு போல. விளுகட்டும். விளுந்தா எடுத்துக்கிருவாக. நீங்க அந்தப் பக்கம் திரும்பாதீக தம்பி, இந்தப் பக்கம் பாத்து என்னோட பேசுங்க. ஷாக்கு அடிக்குமான்னு வந்ததும் கேட்டீகள்ல, அதுக்கு நான் பதிலே சொல்லல. அடிக்காது. பெத்தணன் நல்லா எர்த்து போட்டுக் குடுத்திருக்காரு. உங்களுக்குத் தெரியுமா, கம்பெனியில வெடிமருந்து ரூமுக்குள்ள போறதுக்கு முன்ன வாசல்ல ஒரு செம்புத் தகடு அடிச்சு வச்சிருப்பாக. உள்ளங்கைய அதுல வச்சிட்டுத்தான் உள்ள கால் வைக்கணும். உடம்புல உள்ள கரண்டு எறங்கிருமாம். அது பளகிப் பளகி எங்க ஆளுகளுக்கு எந்த ரூமுக்குள்ள போனாலும் கை எதையாச்சும் ஒண்ணத் தேடும். பானு இந்த ஃபிரிட்ஜத் தொட்டுட்டுத்தான் அடுப்படிக்குள்ள போவா. நானும் அப்பிடித்தான். ரோஜா கம்பெனிப் பக்கமே போனதில்ல, எங்களப் பாத்துட்டு அதுவும் தொடுது. இந்தா பாருங்க, கதவோட இந்த மூலையில பெயிண்டு போயி தகரம் தெரியுதுல்ல. அது துருவுன்னு நெனச்சீக. துருவு இல்ல, எங்க கையி.

புதுசா பெயிண்டு அடிச்சுத் தர்றீகளா? வேணாம். அப்பிடியே இருக்கட்டும்.

பளசு மேல அம்புட்டுப் பிரியமான்னு கேக்குறீக. சிரிப்பாணியா வருது எனக்கு. தம்பி, நான் அம்மியில அரச்சவ. ஆட்டுக்கல்ல மாவாட்டிட்டு விடியாமலே கம்பெனி வண்டியில ஏறுனவ. இந்தக் கிரைண்டரு இருக்கே, அது குளவியத் தூக்கிக் களுவுறதுக்குள்ள இடுப்பு ரெண்டாப் போயிரும். இந்த மிக்சி போடுற சத்தத்துல செத்தவுக எந்திரிச்சு வருவாக. இதுகளத் தூக்கிக் கண்மாயில வீசணும்னு எத்தன நாளு நெனச்சிருக்கேன் தெரியுமா? எனக்குப் பளசு மேல ஒரு ஆசையும் கெடையாது. எனக்கு ஓஞ்சு போச்சு. உக்காந்தா எந்திரிக்க முடியல, எந்திரிச்சா உக்கார முடியல. மகராசன் யாராச்சும் வந்து, ஆத்தா, நீ பட்டனத் தட்டு, சோறு வந்துரும்னு சொன்னா அவர் காலத் தொட்டுக் கும்பிடுவேன்.

பெறகு எதுக்கா?

கொஞ்சம் சேர இப்பிடி இளுத்துப் போடுங்க. பக்கத்துல. சத்தமாப் பேச முடியாது.

நீங்க கையக் கொண்டாங்க. விரல் பூராத்தையும் உள்ள மடக்குங்க. கட்டை விரலையும். ம். நீட்டக்கூடாது. இப்ப எந்திரிச்சு இந்தக் கதவத் தொறங்க. அப்பிடித்தான், மணிக்கட்ட உள்ள விட்டு இளுங்க. டக்குன்னு தொறந்துருச்சா? சாத்துங்க. இப்ப உங்க செல்லுல காட்டுனீகளே, அந்த மொளுக்கு அடுப்படி. அதுல ஒரு கதவ இப்பிடியே தொறந்து காட்டுங்க பாப்போம்.

முடியாதுல்ல.

போன சீசனுக்கு முந்துன சீசன் தம்பி. பானு செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் மருந்து ரூமுக்குள்ள போயிருக்கா. பருத்திச் சேலைதான் கட்டியிருந்தா. எல்லாம் முறையாத்தான் செஞ்சா. இருந்தும் மருந்து பத்திக்கிருச்சு. கையி மட்டுந்தான். மொகத்துல ஒரு பொட்டு இல்ல, எல்லாரும் சாமி காப்பாத்திருச்சுன்னு சொன்னாக. தொடையில இருந்து தோல எடுத்து ஒட்டுனாக. விரலு நீளாது, மடங்காது, அப்பிடியே நின்னுருச்சு. வீட்டுக்கு வந்ததும் எம் மகன் என்ன செஞ்சான்? பொண்டாட்டி திருகக் கூடாது, இளுக்கக் கூடாது, தொட்டாலே போதும்னு அந்த அடுப்ப வாங்கிட்டு வந்தான். அந்தப் புது ஃபிரிட்ஜும் அப்ப வாங்குனதுதான். அவன் மனசுல ஒண்ணும் தப்பில்ல. அவ வந்து நின்னு அந்த அடுப்புக் கண்ணாடி மேல விரல வச்சா. ஒண்ணும் ஆகல. அமுக்கி வச்சா. தொடச்சிட்டு வச்சா. ஒட்டுப் போட்ட தோலு, அதுக்கு மனுசக் கையின்னே தெரியல. கல்லுன்னு நெனச்சுக்கிருச்சோ என்னமோ. இவன் பக்கத்துல நின்னு, இன்னொருக்க வையி, இன்னொருக்க வையின்னு சொல்றான். அவ சிரிச்சா தம்பி. சிரிச்சிட்டு அந்த அறையில போயி உக்காந்தவதான். அடுப்படிப் பக்கமே வரல. நாங்களும் நீ உக்காரும்மா, நீ ஒண்ணும் செய்ய வேணாம், நீ உக்காரும்மான்னு சொல்லிச் சொல்லியே உக்கார வச்சிட்டோம்.

கோளியத் தொறந்து விட்டது யாருன்னு கேட்டீகள்ல.

நான் அரிசிப்பையத் தூக்கிக்கிட்டு சந்து வழியா வாரேன். பின்னாடி நிக்கிறா. கோளி உள்ள கெடந்து கத்துது. சுத்திப் பாக்குறா, ஒரு ஆளு இல்ல. பெறகு அந்தக் கைப்பிடிக்குள்ள மணிக்கட்ட விட்டு ஒரு இளுப்பு. டக்கு. கோளி பறந்து மூஞ்சியில அடிச்சிட்டு ஓடுது. நான் ஓடிப்போகலாம்னு கால எடுத்தேன், பெறகு அப்பிடியே நின்னுட்டேன். ஏன்னா அவ சாத்துறா. தொறக்குறா. மறுபடி சாத்துறா. தொறக்குறா. காலிப் பொட்டி தம்பி, உள்ள வைக்கோலும் முட்டையும் தவிர ஒண்ணும் இல்ல. பைய எறக்காமலே செவுத்தோரமா நின்னுக்கிட்டே இருந்தேன். அவ என்னையப் பாக்கல. பாத்தாளோ என்னமோ, பாக்காத மாதிரி உள்ள போயிட்டா.

மறுநாளு பெத்தணனக் கூப்புட்டேன். பெறகு பரண்ல கெடந்த பளைய மிக்சிய எறக்குனேன், இதோட திருகு பெருசு பாருங்க, உள்ளங்கையால உருட்டிறலாம். அடுப்பும் அப்பிடித்தான். கிரைண்டருக்குக் கீள தள்ளுற சுச்சு. எனக்குப் பளசுதான் பிடிக்கும், புதுசு ஒத்துக்கிறலன்னு வீடு பூராம் சத்தம் போட்டுச் சொல்லி வச்சிருக்கேன். கெளவிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு வீரலட்சுமி சொல்லிக்கிட்டுத் திரியிறா. சொல்லிட்டுப் போறா. இவளுக்காகக் கட்டுறோம்னு தெரிஞ்சா இவ வரமாட்டா தம்பி. தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனா நான் சொல்லாத வரைக்கும் அவளும் கேக்க மாட்டா. நாங்க ரெண்டு பேரும் அப்பிடித்தான்.

பல்லின்னு சொன்னேனே, அது பல்லி இல்ல. லைட்டரு. மேடையில சாத்தி வச்சுக்கிட்டு மணிக்கட்டால அமுக்குவா, பிடிக்க நேரமாகும். நெருப்புக்கு அவ பயப்படல, நாங்கதான் பயந்தோம். வெளியாளுக்குன்னு அவ காப்பி போடுறது இன்னைக்கித்தான். நீங்க வந்ததும், அத்தை, நான் போடுறேன்னு எந்திரிச்சுப் போனா. நான் பதில் சொல்லல, வாயத் தொறந்தா கூடமாட வரவான்னு கேட்டுருவேன். அதான் உங்களப் பிடிச்சு உக்கார வச்சு அண்ணாச்சி வீட்டுல இருந்து ஆரம்பிச்சேன். இல்லாட்டி எனக்கென்ன, இந்த வெயில்ல பேசணும்னு தலையெளுத்தா?

சத்தம் நின்னுருச்சு. ஆத்தியாச்சு போல.

தம்பி, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல டம்ளர வச்சுக் கொண்டாருவா. நீங்க சட்டுன்னு எந்திரிச்சு எட்டி வாங்கிறாதீக. அவ கொண்டாந்து குடுக்கட்டும். கையப் பாக்காமயும் இருக்காதீக, வேணும்னே வேற பக்கம் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சிரும். காப்பி ஆறிப்போயிருக்கும். நல்லாருக்கு நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்லி அவளுக்குக் காது புளிச்சுப் போச்சு, சீனி பத்தலன்னா பத்தலன்னே சொல்லுங்க. பெறகு நீங்க வந்ததும் வெளையாட்டா ஒண்ணு சொன்னீகளே, மெட்ராசுல ஒரு பங்களாவுல இந்த மாதிரி பளைய ஃபிரிட்ஜுக்கு நடுவுல எடம் விட்டுக் கட்டிக் குடுத்தோம், இப்ப அதுதான் ஃபேசனுன்னு. அத அவ இருக்கையில இன்னொருக்க சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் பரவால்ல.

கட்டித் தருவீகளா மாட்டீகளான்னு இப்பச் சொல்ல வேணாம். குடிச்சிட்டுச் சொல்லுங்க.

ஏத்தா பானு! தம்பி சாத்தூருக்குக் கெளம்பணுங்கிறாரு. என்னத்த உள்ள உருட்டிக்கிட்டிருக்க? அந்தக் காப்பியக் கொண்டா இங்கன!